கோலமாவில் போட்டுப் பார்த்துவிட்டு பெயிண்ட் டப்பாவைத் திறங்கள்: ஊர்ச் சாலைக்கு அழகான ஜீப்ரா கோடு

எங்கள் முதல் டிசைனைத் தோற்கடித்தது மீன் விற்கிற ஒரு ஆத்தா. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், தேசிய நெடுஞ்சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் ஊராட்சிச் சாலையில் எங்கள் ஊர். ஒரு பக்கம் பள்ளிக்கூடம், எதிர்ப்பக்கம் மீன் ஏலம் போடுகிற கொட்டகை, நடுவில் கடந்து போக ஒரு கோடு கிடையாது. சுவரில் படம் வரைந்து பழகிய நாலைந்து பேர் சேர்ந்து, வெறும் வெள்ளைப் பட்டைக்குப் பதிலாக வரிசையாக மீன் வரைந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பாரை, சீலா, நகரை, காரல் என்று பட்டைக்கு ஒரு மீன். காகிதத்தில் அவ்வளவு அழகு. நல்லவேளையாக பெயிண்டில் இறங்காமல் முதலில் கோலமாவில் போட்டோம். விடியற்காலை ஐந்தரைக்கு அந்த ஆத்தா தலையில் அன்னக்கூடையோடு வந்தார், நின்றார், தலையைக் குனிய முடியாததால் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தார், அப்புறம் சாலையோர மணலில் இறங்கி மீன்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

"ஏன் ஆத்தா சுத்திப் போறீங்க, நடக்கிறதுக்குத்தானே போட்டிருக்கு" என்றேன்.

"சோறு போடுறதைப் போயி மிதிக்கச் சொல்றியே தம்பி."

அவ்வளவுதான். நடக்கிறவர் சுற்றிப் போகிற கோடு கடக்கும் கோடாகாது. அன்றைக்கு மாவைக் கூட்டித் தள்ளினோம். செலவு மூன்று கிலோ கோலமாவு. இதையே பெயிண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது. அதற்கப்புறம் கற்றுக்கொண்டதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன், உங்கள் ஊருக்குத் தோதாக மாற்றிக்கொள்ளுங்கள்.

பட்டை ஓட்டுநருக்கு, படம் நடப்பவருக்கு

டிசைன் போடுவதற்கு முன்னால் மண்டையில் ஏற்ற வேண்டியது இது ஒன்றுதான். இங்கிலாந்தில் 1934 முதல் கடக்கும் இடங்களை சாலையில் பதித்த குமிழ்களும் ஓரத்தில் உருண்டை விளக்குக் கம்பமும் வைத்துத்தான் காட்டினார்கள். நடப்பவருக்குக் குமிழ் தெரிந்தது, வண்டியில் வருகிறவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தான் 1951-ல் கறுப்பு வெள்ளைப் பட்டை சட்டத்தில் ஏறியது. ஆக, அந்தப் பட்டை பிறந்ததே வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்காக.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, கோட்டைப் பார்த்து, புரிந்துகொண்டு, பிரேக் பிடித்து நிற்க 45 மீட்டர் வேண்டும் என்பது, சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. 60-ல் வந்தால் 80 மீட்டர். காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து 45 மீட்டர் தள்ளிப் பார்த்தால், சாலை நீளவாக்கில் 3 மீட்டருக்கு வரைந்த ஆமை, நிமிர்த்தி வைத்த 8 சென்டிமீட்டர் ரிப்பன் அளவுக்குத்தான் தெரியும். ஆமையும் தெரியாது, கடல் பசுவான ஆவுளியாவும் தெரியாது, ஏதோ கறை மாதிரி இருக்கும். லாரிக்காரருக்கு இருக்கை உயரம் என்பதால் கொஞ்சம் பரவாயில்லை, ரிப்பன் இரண்டு மடங்காகும், அவ்வளவே. ஆனால் சாலையின் குறுக்குவாட்டில் எதுவும் சுருங்காது. அரை மீட்டர் வெள்ளை, அரை மீட்டர் கறுப்பு, மறுபடி வெள்ளை என்று மாறி மாறி வருவது தூரத்திலிருந்தும் அப்படியே தெரியும். ஜீப்ரா கோடு வேலை செய்வதன் சூட்சுமம் இந்த மாற்றம்தான், அதில் கை வைத்தால் கோட்டின் உயிரே போய்விடும்.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே செய்து பாருங்கள். கோட்டிலிருந்து அறுபது எட்டு எடுத்து வைத்து நடந்து போய், சாலையோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து திரும்பிப் பாருங்கள். ட்ரோன் படத்தில் பார்த்து மயங்கிய டிசைன் எல்லாம் அங்கே காணாமல் போயிருக்கும். ட்ரோனில் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லையே.

அப்படியானால் சாலை ஓவியமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் தார்ச்சாலை ஓவியம் போட்ட 17 இடங்களை எடுத்து 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் சிக்கிய விபத்துகள் பாதியாகக் குறைந்தன, வழிவிட்ட ஓட்டுநர்கள் 27 சதவீதம் கூடினார்கள் என்றது அது. ஆனால் அவற்றில் வெறும் கோடுகள் மட்டும் இல்லை, முனைகளில் வண்ணம் பூசி அந்த இடத்தை நடப்பவருக்கே ஒதுக்கியவையும் உண்டு. அதே நாட்டின் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம் 2013-லேயே, கோடுகளுக்கு நடுவே பளிச்சென்ற வண்ணமும் படமும் வேண்டாம், செங்கல் மாதிரி அடங்கிய நிறம் என்றால் சரி என்று சொல்லியிருந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் எனக்குப் படுவது: பட்டையைத் தொடாதே, பட்டையைச் சுற்றி விளையாடு.

முப்பரிமாணக் கோடு பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். 2016-ல் அகமதாபாத்தில் ஒரு தாயும் மகளும் வரைந்த அந்தரத்தில் மிதக்கும் கட்டைகள் நாடு முழுக்கப் பரவின. பார்க்க அருமைதான். ஆனால் அந்த மாயம் ஒரு திசையிலிருந்து, ஒரு தூரத்திலிருந்து மட்டும் தெரியும், எதிர்த்திசையில் கோணலாக இருக்கும். புதிதாக வருகிறவர் பதறி பிரேக் பிடித்தால் பின்னால் வரும் பைக் மோதும், தினம் வருகிற ஷேர் ஆட்டோக்காரர் ஒரே வாரத்தில் அது வெறும் பெயிண்ட் என்று கண்டுபிடித்துவிடுவார். எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று விட்டோம்.

இடமும் அனுமதியும்

7 மீட்டர் சாலையை சாதாரண நடையில் ஆறு நொடியில் கடக்கலாம். தலையில் கூடையோடு ஒருவர் கடக்கப் பத்து நொடி ஆகும், அதற்குள் 40-ல் வருகிற வண்டி 110 மீட்டர் வந்துவிடும். ஆகவே இரண்டு பக்கமும் அவ்வளவு தூரம் தெரிகிற இடமாகப் பாருங்கள். நம் மாவட்டத்தில் பார்வையை மறைப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். கோடு போடுவதற்கு முன்னால் அரிவாளை எடுங்கள். எங்களுக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்தது.

சாலை யாருடையது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ராமேஸ்வரம் போகிற 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கலை செய்கிறேன் என்று இறங்க வேண்டாம், அது வேறு உலகம். ஊராட்சிச் சாலை என்றால் கிராம சபையில் தீர்மானம் போடலாம், வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் வரைபடத்தோடு உதவிப் பொறியாளரைப் பாருங்கள், காவல் நிலையத்துக்கும் ஒரு நகல். "பட்டை விதிப்படி அப்படியே இருக்கும், ஓரத்தில்தான் கோலம்" என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எங்கள் முதல் மனுவில் அந்த வரி இல்லை, அது மேஜையை விட்டு நகரவே இல்லை. ராத்திரியோடு ராத்திரியாகப் பூசிவிட்டு வருவது மட்டும் கூடாது. ஏதாவது அடிபட்டால் முதல் கேள்வி உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

என்ன வரையலாம், எதை வரையக் கூடாது

மிதிக்க மனசு வராத எதையும் தரையில் போடாதீர்கள். நம் கடற்கரையில் அந்தப் பட்டியல் நீளம். கோபுரம், பிறை, சிலுவை, குத்துவிளக்கு, சங்கு (கீழக்கரைக்காரர்களுக்குத் தொழில், கோயில்காரர்களுக்குச் சாமி, இருவருமே மிதிக்க மாட்டார்கள்), புத்தகம், எழுத்து எதுவுமே. பள்ளிக்கூடத்துக்கு முன்னால் அ, ஆ போடலாம் என்று ஒரு யோசனை வந்தது, பிள்ளைகளே வேண்டாம் என்றார்கள், கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும், நடுரோட்டில் குனிந்துகொண்டு நிற்கவா என்று. கலாம் ஐயா படத்தைச் சாலையில் போடலாம் என்று சொல்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். அது சுவருக்கு உரியது.

வண்ணம் தேர்ந்தெடுப்பதற்கு முன் ஊரிலிருக்கும் கொடிக்கம்பங்களை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கட்சிக் கொடி, சங்கக் கொடி எல்லாவற்றையும். எந்த இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் யாருடைய கொடி ஆகும் என்று டீக்கடையில் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். இதில் அலட்சியமாக இருந்தால் படம் ஒரு வாரம் தாங்காது, நட்பும் தாங்காது. வெள்ளையும் மஞ்சளும் சாலைக் குறியீட்டுக்கு உரியவை, படத்துக்கு எடுத்தால் ஓட்டுநர் குழம்புவார்.

எங்களுக்கு விடை கிடைத்தது வாசலிலேயே. வெள்ளைக் கோலத்தைச் சுற்றிக் காவி இழுப்பது நம் வழக்கம் இல்லையா? அதையே எடுத்துக்கொண்டோம். நடுவில் அரை மீட்டர் வெள்ளைப் பட்டைகள், இடையில் தார் அப்படியே கறுப்பாக. பட்டைத் தொகுதியின் இரண்டு விளிம்பிலும் ஒரு முழ அகலத்துக்குச் செங்காவி, அதில் பனையோலைப் பெட்டிப் பின்னல் மாதிரி சாய்சதுரங்கள், காவியைவிடக் கொஞ்சமே வெளிர்ந்த நிறத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் அடங்கிய செம்பட்டை, பக்கத்தில் வந்தால் பின்னல். ஊரில் ஓலை முடைகிற அக்கா ஒருவர் எங்கள் சாய்சதுரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு இழை மேலே போனால் அடுத்தது கீழே போகணும், நீ ரெண்டையும் மேலேயே போட்டிருக்கே என்று திருத்தினார். பார்க்கிற நூறு பேரில் ஒருவருக்குக்கூட அது தெரியாது, ஆனால் அவருக்குத் தெரியும்.

மீன், ஆமை, நண்டு எல்லாம் எங்கே போயின என்றால், சாலையைவிட்டு வெளியே வந்தன. கடப்பதற்கு முன் ஆட்கள் நிற்கிற இடம் இருக்கிறதே, அங்கே சிமெண்ட் தளம் போட்டு, பின்னால் இருக்கும் சுவரில் வரைந்தோம். இதில் இன்னொரு லாபமும் உண்டு. பாம்பன் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படம் எடுக்கிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். அழகான எதையும் சாலை நடுவில் வைத்தால் அங்கே நின்று செல்ஃபி எடுக்கத்தான் செய்வார்கள். அழகை ஓரத்தில் வையுங்கள், நிற்கிறவர் ஓரத்தில் நிற்பார்.

மாவுச் சோதனை

இரண்டு பக்கமும் ஆள் நிறுத்தி, சிவப்புத் துணி காட்டி, வண்டி குறைவான நேரத்தில் போடுங்கள். நேர்க்கோணம் எடுக்க வலைக்கயிறு போதும். மூன்று முழம், நாலு முழம், ஐந்து முழம் என்று முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்தால் சரியான மூலை கிடைக்கும். பச்சரிசி மாவு எடுத்தால் காலையில் ஆடு நக்கிவிட்டுப் போயிருக்கும், எங்களுக்குப் பாதிப் பட்டை அப்படித்தான் போனது, மீதியைக் கச்சான் காற்று கொண்டுபோனது. கல்மாவு கொஞ்சம் பரவாயில்லை. எல்லாவற்றையும்விட நல்லது தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பு, காவிக்குச் செம்மண் குழம்பு. ஒரு வாரம் தாங்கும், பிடிக்கவில்லையென்றால் கழுவிவிடலாம்.

அந்த ஒரு வாரமும் படத்தைப் பார்க்காதீர்கள், கால்களைப் பாருங்கள். யார் கோட்டின் மேல் நடக்கிறார்கள், யார் பத்தடி தள்ளிக் கடக்கிறார்கள்? பத்தடி தள்ளி நிறையப் பேர் கடந்தால் கோடு தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம், ஜனங்கள் தப்பில்லை. எங்களுடையதை ஏலக் கொட்டகை வாசலுக்கு நேராக நகர்த்தினோம். அப்புறம் ஒரு நோட்டு. ஏல நேரம், பள்ளிக்கூட நேரம் இரண்டிலும், ஒருவர் கடக்கக் காத்து நிற்கும்போது வந்த வண்டி நின்றதா, வேகம் குறைத்ததா, ஹாரன் அடித்துக்கொண்டு போனதா என்று மூன்று கட்டம். கோடு போடுவதற்கு முன் நூறு வண்டி, சுண்ணாம்பில் இருக்கும்போது நூறு, பெயிண்டுக்கு அப்புறம் நூறு. அதே நேரம், அதே மாதிரி நாள். வெள்ளிக்கிழமையையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஒப்பிட்டால் கணக்கு பொய் சொல்லும்.

வெறுங்கால் சோதனை

இதை வேறெங்கும் யாரும் செய்வதாகக் கேள்விப்படவில்லை, நமக்கு அவசியம். நம் கடற்கரையில் செருப்பில்லாமல் சாலை கடப்பவர்கள் நிறைய. அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு கோயிலுக்கு நடப்பவர்கள், கரையிலிருந்து நேராக வருகிற மீனவர்கள், பாசி எடுத்துவிட்டு வரும் பெண்கள். ஈரக்காலுக்கு வழுவழுப்பான பெயிண்ட் எமன்.

பழைய சிமெண்ட் பலகையில் நீங்கள் வாங்கப்போகிற பெயிண்டைப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி, குதிகாலால் தேய்த்துப் பாருங்கள். அப்புறம் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், அதுதான் உண்மையான பரீட்சை. சாதாரண எனாமல் இதில் உடனே தோற்றுவிடும். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் ஊசல் கருவி ஒன்று வைத்து வழுக்காத பிடிமானத்தை அளப்பார்கள், ஈரத்தில் அது காட்டும் எண் 45-க்குக் குறையக் கூடாது. பொறியாளர் நல்ல மனசுக்காரராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சூடும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு நடப்பவரைக் கவனித்தால் தெரியும், கால் தானாக வெள்ளைப் பட்டையைத் தேடிப் போகும். அடர்ந்த நிறங்கள் தார் மாதிரியே கொதிக்கும். எங்கள் முதல் காவி ரொம்ப அடர்த்தி, மதியம் ஒரு மணிக்கு நானே நின்று பார்த்துவிட்டு குதித்து வெளியே வந்தேன். சுண்ணாம்பு கலந்து வெளுக்க வைத்த அப்புறம் தாங்கியது.

பெயிண்ட்

வெள்ளைப் பட்டையை நாமே பூசவில்லை. அதைத் தெர்மோபிளாஸ்டிக் போடுகிற ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம். தூளை 180, 200 டிகிரிக்கு உருக்கி இரண்டரை மில்லிமீட்டர் கனத்தில் இழுத்து, சூடு ஆறுவதற்குள் மேலே கண்ணாடி மணிகளைத் தூவுவார்கள். ராத்திரியில் ஹெட்லைட் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவது அந்த மணிகள்தான். விளையாடுகிற வேலையில்லை அது, சூட்டுக் காயம் பயங்கரமாக இருக்கும். ஓரப் பின்னல் மட்டும் நம் கை, சாலைக் குறியீட்டு பெயிண்ட்டில், பிரஷ்ஷால். சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் மலிவு என்று எடுக்காதீர்கள், டயர் பட்டால் உரிந்து வரும். பிடிமானத்துக்கு இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே சலித்த நைஸ் மணலைத் தூவுங்கள். கடல் மணல் வேண்டவே வேண்டாம், உப்பு பெயிண்ட்டை ஒட்டவிடாது, கிளிஞ்சல் துண்டு காலைக் கிழிக்கும்.

எப்போது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாது, ஐஸ் தண்ணீர் ஒழுகிக்கொண்டு லாரி போவது குறையும், மே மாதம் பள்ளிக்கூடமும் இல்லை, ஊரில் ஆளும் கிடைப்பார்கள். முதல் நாள் ஈர்க்குமாறு போட்டு மணலைக் கூட்டி, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். மீன் பிசுக்கும் உப்பும் இருக்கிற இடத்தில் எந்த பெயிண்ட்டும் நிற்காது. நல்ல தண்ணீருக்கு நம் பக்கம் படும் பாடு தெரிந்ததுதான், ஒரு டேங்கருக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மறுநாள் காற்று கிளம்புவதற்கு முன், விடியும்போதே பூசி முடித்துவிட வேண்டும். எங்களுக்கு எட்டரை மணிக்குக் காற்று எழும்பியது, கடைசி ஒரு மீட்டர் காவியில் மணல் சொரசொரவென்று ஒட்டிக்கொண்டது. இன்றைக்குப் பார்த்தால் அந்த இடம்தான் வழுக்காமல் இருக்கிறது.

ராத்திரி ஒரு முறை, மழை பெய்த ராத்திரி ஒரு முறை, பைக்கில் வந்து பாருங்கள். மழை இல்லையென்றால் நாலு குடம் ஊற்றிக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரைக்கு ஏலத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் கோடு ரொம்பத் தேவை, அந்த நேரத்தில் தெருவிளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு எரியவில்லை. படத்துக்கு அலைந்ததைவிட அந்த பல்புக்கு அலைந்தது அதிகம்.

மிச்ச பெயிண்ட்டை மூடி இறுக்கி ஏலக் கொட்டகையில் வைத்திருக்கிறோம், சாவி அந்த ஆத்தாவின் மகனிடம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில் ஒரு முறை தேய்ந்த இடத்தைத் தொட்டுவிட வேண்டும். போன தடவை பூசும்போது ஆத்தா பக்கத்தில் நின்று பார்த்தார். சுவரில் இருக்கிற சீலாவுக்கு வால் சரியில்லை, திருத்து என்றார்.